சேலத்துக் கீசர் கணக்கு ஏற்காட்டுக்கு ஆகாது

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் வசிக்கிறோம். மாமனார் காலத்துச் செம்பு பாய்லரில்தான் இன்றுவரை வெந்நீர். விறகும் கொட்டாங்குச்சியும் போட்டு எரிக்கிறோம். புகையால் மாமியாருக்கு (வயது 78) இருமல் விடுவதே இல்லை. வீட்டில் ஐந்து பேர். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் வந்துவிடும் என்பதால், காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும். எல்லோருக்கும் வாளிக் குளியல்தான். சேலத்துக் கடையில் விசாரித்தோம். 15 லிட்டர் கீசர் தாராளம் என்றார்கள், இல்லாவிட்டால் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கச் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் என் தம்பி, செல்போனிலேயே ஆன், ஆஃப் செய்கிற சுவிட்ச் வாங்கித் தருகிறேன் என்கிறான். பாய்லர் ஒருநாள் வெடிக்கும், முதலில் அதைத் தூக்கி எடைக்குப் போடு என்றும் சொல்கிறான். மாமியாரோ அதைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். வீடு 1980 வாக்கில் கட்டியது, வயரிங்கும் அப்போதையதுதான். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் அம்மா. போன டிசம்பரில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்தேன். ராத்திரி அங்கேயே தங்கல். காலை ஐந்தே முக்காலுக்கு மொட்டைமாடித் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். 15 டிகிரி காட்டியது. மறுநாள் அதே நேரத்துக்கு அஸ்தம்பட்டியில் என் வீட்டுத் தொட்டியில் விட்டேன், 27. நடுவில் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுதான். ஆனால் கீசர் வாங்குகிறவருக்கு அந்தப் பன்னிரண்டு டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் சொன்னது சேலத்துத் தண்ணீருக்குச் சரி. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடேறிய தண்ணீரைக் குளிக்கிற பதத்துக்கு, அதாவது 40 டிகிரிக்கு விளாவினால், சேலத்தில் 38 லிட்டர் கிடைக்கும். அதே கீசர், அதே 60 டிகிரி, உங்கள் ஊர்ப் பச்சைத் தண்ணீரை விட்டு விளாவினால் 27 லிட்டர்தான். இதுவும் காகிதக் கணக்கு. வெந்நீர் மேலே போகப் போக அடியில் பச்சைத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசிப் பங்கு ஆறித்தான் வரும். அதனால் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் 23 லிட்டர். பதினெட்டு லிட்டர் வாளியில் ஒன்றேகால் வாளி. முதல் ஆள் குளித்துவிட்டு வந்ததும் இரண்டாவது ஆள் வாசலில் நின்று கத்துவார்.

இன்ஸ்டன்ட் கீசரை ஒரே வரியில் தள்ளிவிடலாம், ஆனால் காரணம் சொல்லாமல் தள்ளினால் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். 3 கிலோவாட் கருவி, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை 21 டிகிரி உயர்த்தும். அதற்கு மேல் அதனிடம் சக்தி இல்லை. சேலத்தில் 27-ஓடு 21 சேர்ந்தால் 48, நல்ல வெந்நீர். ஏற்காட்டில் 15-ஓடு 21 சேர்ந்தால் 36. குளிருகிற உடம்புக்கு அது வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அதுவும் ஒரு வாளி நிரம்ப ஒன்பது நிமிடம். வால்வைக் கொஞ்சம் அதிகம் திறந்தால் வாளி சீக்கிரம் நிரம்பும், வெதுவெதுப்பும் போய்விடும். சமையலறையில் பாத்திரம் கழுவ வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? ஐந்து பேர், ஆளுக்கு ஒரு வாளி, மொத்தம் 90 லிட்டர், ஒரு மணி நேரத்துக்குள். நான் 35 லிட்டர், 2 கிலோவாட் வாங்கச் சொல்வேன். நிறைந்து சூடாக இருக்கும்போது விளாவி 53 லிட்டர் தரும், கிட்டத்தட்ட மூன்று வாளி. அதற்குள் காயில் சும்மா இருக்காது. நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வரும் தண்ணீரைச் சுட வைக்கும். 2 கிலோவாட் காயில் ஒரு மணி நேரத்தில் உங்கள் ஊர்த் தண்ணீரில் இன்னும் 65 லிட்டர் சுமாருக்குக் குளிக்கும் சூட்டில் கொடுக்கும். ஆக ஐந்தாவது ஆளுக்கும் வரும். 25 லிட்டரிலும் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம், ஒருவருக்கொருவர் கால் மணி இடைவெளி விட்டால். வேன் வரும் வீட்டில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மே மாதக் கோடை விழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து குவிவார்களே, அவர்களுக்காக 50 வாங்கலாமா என்றால் வேண்டாம். அப்போது தண்ணீரும் இவ்வளவு குளிராது. தவிர, 50 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 50 கிலோ, டேங்க்கின் எடை தனி. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவராக இருந்தால் 35-ஐத் தொங்கவிடுவதற்கே நீளமான ஆங்கர் போல்ட் போட்டு, கல்லில் பிடித்திருக்கிறதா, இல்லை பூச்சில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்த வருகிறவர் சுவர் ஓட்டையில் வெறும் ரப்பர் பிளக்கைச் செருகி ஸ்க்ரூ முறுக்கினால் தடுத்து நிறுத்துங்கள்.

ஆனால் கீசரைவிட எனக்குக் கவலை உங்கள் எர்த்தைப் பற்றித்தான். 1980-ல் கட்டிய மலை வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைக்கு எர்த் வயரைத் தண்ணீர் இரும்புக் குழாயில் ஒரு கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். குழாய் மண்ணுக்குள் போகிறது, அதனால் ஓரளவு வேலை செய்தது. பிறகு துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் பி.வி.சி. போட்டிருப்பார்கள். எர்த் வயர் இன்னமும் அந்தப் பழைய துண்டுக் குழாயைக் கட்டிக்கொண்டு தொங்கும், மண்ணோடு தொடர்பே இல்லாமல். பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். காயிலில் ஒரு கசிவு வந்தால் தண்ணீரோடு கரண்ட் வாளிக்கு வரும். மலையில் பாறை அதிகம், மண் ஆழமில்லை, ஆகவே புதிதாக எர்த் குழி தோண்டினாலும் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லி, எத்தனை ஓம் என்று கேட்டு எழுதி வையுங்கள். எண் சொல்லாமல் 'எல்லாம் நல்லாருக்கு' என்பவர் அளக்கவில்லை.

அதோடு கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச்). 2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே, இது தாராளமாகத் தாங்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற டபுள் போல் சுவிட்ச் ஒன்று குளியலறைக்கு வெளியே இருக்கட்டும், நியான் விளக்கோடு. ஆர்.சி.சி.பி. விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். எர்த் கைவிட்டாலும் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவது அதுதான். மாதம் ஒருமுறை அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும்.

இப்போது தம்பியின் செல்போன் சுவிட்ச். அந்த மாதிரிக் கருவிகள் மோசம் இல்லை. என் மகள் வீட்டில் ஒன்று மூன்று வருடமாக ஓடுகிறது. ஆனால் உங்கள் வீட்டில் கீசரை யார் போடப் போகிறார்கள்? விடியற்காலையில் முதலில் எழுவது மாமியார் என்று நினைக்கிறேன். அவர் கைக்கு ஒரு பட்டன் வேண்டும். மழைக்காலத்தில் மரக்கிளை ஒடிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும். கரண்ட் திரும்பியதும் சில சுவிட்சுகள் தானாகவே ஆன் ஆகும், சில ஆஃபிலேயே நிற்கும், அது உள்ளே எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்குத் தொல்லைதான்.

உங்களுக்கு வேண்டியது டைமர். அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுற்றிலும் சின்னச் சின்னப் பல் வைத்த, வட்டமாகத் திரும்பும் டைமர் மலிவு. ஆனால் கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுபோகும். ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் போட வேண்டிய கீசரை ஏழு மணிக்குப் போடும், பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேன் ஏறுவார்கள். ஆகவே உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர், 16 ஆம்பியர் தாங்குவது, கையாலும் ஆன் செய்ய ஒரு பட்டன் உள்ளது, இதைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை மணிக்கு வைப்பது? 35 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 2 கிலோவாட் காயிலுக்கு 55 நிமிடம் ஆகும். இது வீட்டில் முழு 230 வோல்ட் இருந்தால். உங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குமே. 190 வோல்ட்தான் இருக்கிறது என்றால் 2 கிலோவாட் காயில் 1.4 கிலோவாட் கூடத் தராது. வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, இதுதான் அதன் குணம். அப்போது 55 நிமிட வேலைக்கு 80 நிமிடம் பிடிக்கும். அதனால் டைமரை ஐந்து மணிக்கு ஆன், ஏழரைக்கு ஆஃப் என்று வையுங்கள். ஒரு வாரம் பாருங்கள். கீசரின் விளக்கு ஆறு மணிக்கே அணைந்துவிட்டால் ஆரம்பத்தைக் கால் மணி தள்ளிக்கொள்ளலாம்.

நாள் முழுக்க ஆனில் விட்டால்தான் கரண்ட் மிச்சம், போட்டுப் போட்டு நிறுத்தினால் அதிகம் இழுக்கும் என்று யாராவது சொல்வார்கள். என் சொந்த மச்சானே சொல்வார். சும்மா நிற்கும் வெந்நீர் இருபத்துநாலு மணி நேரத்தில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பது கீசரின் ஸ்டார் ஸ்டிக்கரிலேயே யூனிட் கணக்கில் அச்சடித்திருக்கும். அந்த இழப்பு அதிக நேரம் சூடாக நிற்கிற கீசரில்தான் அதிகம். ஸ்டார் எண்ணிக்கை கூடினால் இழப்பு குறையும், வாங்கும்போது ஐந்து ஸ்டாரைக் கேளுங்கள். உங்கள் 90 லிட்டருக்குக் குளிர்காலத்தில் நாளுக்கு மூன்று யூனிட் சுமார் ஆகும். இரண்டு மாத பில்லில் 180 யூனிட் கூடும். இப்போது உங்கள் பில் எத்தனை யூனிட்டில் நிற்கிறது என்று பாருங்கள். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். அதனால்தான் டைமரும் தெர்மோஸ்டாட்டும் உங்கள் வீட்டில் அலங்காரம் இல்லை.

தெர்மோஸ்டாட் குமிழ் கீசருக்கு வெளியே இருக்கிற மாடலாகப் பாருங்கள். 60-ல் வையுங்கள். அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் தேங்கும் வெதுவெதுத் தண்ணீரில் கிருமி வளரும், மேலே ஏற்றினால் காயிலில் உப்பு வேகமாகப் படியும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் தோலைப் பொசுக்கும், குழந்தைக்கும் வயதானவருக்கும் இன்னும் சீக்கிரம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இல்லாமல் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

கீசரின் அடியில் பச்சைத் தண்ணீர் போகும் குழாயில் சின்னதாக ஒரு வால்வு இருக்கும், சேஃப்டி வால்வு. சூடேறும்போது அது சொட்டு விடும், பயப்படாதீர்கள். 35 லிட்டர் தண்ணீர் 15-லிருந்து 60-க்குப் போகும்போது அரை லிட்டருக்கு மேல் விரிகிறது, அந்த அரை லிட்டர் எங்காவது போக வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டில் இந்தச் சொட்டு தரையை நனைக்கிறது என்று யாரோ ஒருவர் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார். என்னை அவர்கள் கூப்பிட்டது கீசர் 'டொக் டொக்' என்று சத்தம் போடுகிறது என்று. போய்ப் பார்த்தால் டேங்க்கின் அடிப்பக்கம் வயிறு போல உப்பியிருந்தது. வெளிக் கவர் பிளந்து உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது. நான் முதலில் செய்த வேலை வீட்டில் எல்லோரையும் வெளியே அனுப்பியதுதான். மெயினை ஆஃப் செய்துவிட்டு நானும் வெளியே போய் நின்றேன். சொட்டைத் தாங்க ஒரு சின்ன டியூபை மாட்டிச் சாக்கடையில் விடுங்கள், அடைக்காதீர்கள்.

வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.யாக இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. 60 டிகிரிக்கு இளகித் தொய்ந்துவிடும். டேங்க்குக்குள் மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதுதான் அதன் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பென்சில் மாதிரி இளைத்திருந்தால் மாற்றுங்கள். சேலத்துப் போர்த் தண்ணீரில் ஒரே வருடத்தில் காலியான கம்பியைக் கையில் எடுத்திருக்கிறேன். உங்கள் கிணற்றில் சோப்பு நன்றாக நுரைக்கிறதென்றால் அவ்வளவு அவசரம் இல்லை.

சோலார் கேட்பீர்கள் என்று தெரியும். மொட்டைமாடியில் வெயில் நாளில் சோலார் வெந்நீர் இலவசம்தான். ஆனால் உங்களுக்கு வெந்நீர் அதிகம் வேண்டிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் வெயிலே வராமல் பனிமூட்டம் மூடிக்கொள்கிறது. அப்போது அதற்குள் இருக்கும் காயிலைத்தான் போட வேண்டியிருக்கும், அதாவது பெரிய கீசர். கண்ணாடிக் குழல் வைத்த மாடலில் குரங்குத் தொல்லை வேறு. கேஸ் கீசரைப் புகை வெளியேற வழியில்லாத குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மாமியார் அறையில் ராத்திரி கரி அடுப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் அதற்கும் இதே பதில்தான். அந்த அறைக்கு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர், தெர்மோஸ்டாட் உள்ளது, வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாகப் பாய்லர். இதில் நான் மாமியார் கட்சி.

தம்பியிடம் சொல்லுங்கள், அது வெடிக்காது. நடுவில் ஒரு குழல், அதில் தீ, சுற்றிலும் தண்ணீர், மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் மூடி. அழுத்தம் சேர இடமே இல்லை. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதித்தால் ஆவி மூடியைத் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். வெடிக்கிற சாத்தியம் உள்ளது சுவரில் மாட்டும் கீசருக்குத்தான், அதனால்தான் அதற்கு அத்தனை வால்வு. ஆனால் யாராவது புத்திசாலி மேஸ்திரி வந்து பாய்லர் மூடியைப் பற்றவைத்து நேரே தொட்டியிலிருந்து குழாய் கொடுத்துவிடுகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூடிய பாய்லர் பாய்லர் இல்லை, குண்டு.

அதன் குறை புகை மட்டும்தான். பின்கட்டிலிருந்து எடுத்து, வீட்டை விட்டு ஒரு பத்தடி தள்ளி, மூன்று பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகையில் வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, புகை வீட்டுக்குள் திரும்பாத மூலையாக. ஈர விறகைப் போடாதீர்கள், பாதிப் புகை அதனால்தான். கவாத்து செய்த சில்வர் ஓக் கிளைகளை ஒரு கோடைக்கு முன்பே வெட்டிக் காய வைத்தால் போதும். தீ மூட்டுவதற்கு முன் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வெறும் பாய்லரில் தீ வைத்தால் இணைப்புகளில் உள்ள ஈயம் உருகிக் கொட்டிவிடும், பிறகு அதைப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது இந்தக் காலத்தில் கஷ்டம். ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது அதை ஏற்றுங்கள். விருந்தாளி வந்து குவியும் மே மாதத்திலும்.

இடம் மாற்றும்போது மாமியாரையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். அடித்தட்டில் எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது, குழாய் எந்தப் பக்கம் திருகினால் ஒழுகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எர்த் அளந்ததும் எத்தனை ஓம் என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு கீசர் வாங்கக் கீழே இறங்கலாம்.